கேமராவுக்குக் கண் கூசிய நாள்

போன வருஷம் ஆயுத பூஜை விடுமுறை முடிந்து கம்பெனிகள் திறந்த முதல் நாள் காலை. ஓசூரில், பாகலூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு சின்னப் பட்டறையில் நடந்தது இது.

முதலில் என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் அம்மாவைப் போல நீங்களும், கேமரா என்றதும் நான் கல்யாண வீட்டில் போட்டோ பிடிக்கிறவள் என்று நினைத்துக்கொள்வீர்கள். தொழிற்சாலையில் ஒரு பொருளைச் செய்து முடித்ததும் அதில் கீறல் இருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா என்று ஆட்கள் கண்ணால் பார்ப்பார்கள் அல்லவா? அந்த வேலையைக் கேமராவும் கம்ப்யூட்டரும் சேர்ந்து செய்கிற மாதிரி அமைத்துக் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் நான் சர்வீஸ் இன்ஜினியர். மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தால் தீர்ந்தது என்று கிடையாது. அது மக்கர் பண்ணும்போதெல்லாம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஓசூருக்கு வந்தவள். ஊர்ப் பேச்சு இன்னும் வாயிலிருந்து முழுசாகப் போகவில்லை, கோபம் அதைவிடப் போகவில்லை.

தீபாவளிக்கு மறுநாள் டாக்டர்களுக்கு எப்படியோ, அப்படித்தான் ஆயுத பூஜை முடிந்து கம்பெனி திறக்கிற நாள் எங்களுக்கு. போன் அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு இடத்தில் சென்சார் மேல் சந்தனத்தை அப்பியிருப்பார்கள். இன்னொரு இடத்தில் லென்ஸுக்கு நட்டநடுவே குங்குமப் பொட்டு. கற்பூர ஆரத்தியைக் கேமராவுக்கு முகத்துக்கு நேராகக் காட்டி, அதன் கண்ணில் கரி படிய வைத்திருப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் முன்கூட்டியே சொல்வேன், எல்லாரும் பவ்யமாகத் தலையாட்டுவார்கள், பூஜையன்று அவரவர் இஷ்டப்படி செய்துவிடுவார்கள். நானும் யாரையும் குறை சொல்ல முடியாது. என் லேப்டாப்பின் மேலேயே அன்றைக்கு மஞ்சள் குங்குமம் இருந்தது.

அந்தக் காலை முதல் போன் இந்தப் பட்டறை முதலாளியிடமிருந்து வந்தது.

"மேடம், உங்க கேமரா பூஜை வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இன்னைக்கு போடுற பீஸ் எல்லாத்தையும் தள்ளுது. ஒண்ணுகூட பாஸ் ஆகல. கொஞ்சம் உடனே வாங்க."

அவர் அப்படிப் பதறுகிறவர் இல்லை. லேத் மெஷினில் நின்று வேலை கற்று, ஒரு மெஷின் இரண்டு மெஷின் என்று சேர்த்துப் பட்டறை வைத்தவர். வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ், சரக்கு ஏற்ற வரும் லாரிக்காரர்களிடம் கன்னடம். கோபம் வந்தால் மூன்றும் கலந்து வரும். அன்றைக்கு போனில் தமிழ் மட்டும்தான் வந்தது. கோபத்தைவிட பயம் அதிகம் என்று எனக்குப் புரிந்துபோயிற்று.

பயத்துக்குக் காரணம் இருந்தது. இரு சக்கர வாகனத்துக்கான ஒரு அலுமினிய மூடியைச் செய்து தரும் ஆர்டர் அவருக்கு ஒரு பெரிய கம்பெனியிலிருந்து கிடைக்கிற மாதிரி இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற மூடி, ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி பளபளப்பாகக் கடைந்திருக்கும். முதலில் ஒரு வண்டிச் சரக்கை மாதிரிக்கு அனுப்ப வேண்டும். அது அன்று மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். அந்தக் கம்பெனியில் எந்த வண்டி எந்த வாசலில் எப்போது சரக்கு இறக்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரே அட்டவணை போட்டுவிடும். நேரம் தவறினால் நம் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். "அண்ணே, கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க" என்று கெஞ்ச அங்கே ஆள் கிடையாது. சரி, கேமராவை விட்டுவிட்டுக் கண்ணால் பார்த்து அனுப்பிவிடலாமே என்றால் அதுவும் முடியாது. ஒவ்வொரு மூடியையும் கேமரா பார்த்து 'சரி' சொன்ன படம் சரக்கோடு சேர்ந்து போக வேண்டும் என்பது அவர்கள் போட்ட நிபந்தனை.

அதற்காகத்தான் ஆறேழு மாதத்துக்கு முன்னால் அந்தப் பட்டறையில் நான் கேமராவை மாட்டினேன். பெரிய மைக்ரோவேவ் அடுப்பு அளவில் ஒரு இரும்புப் பெட்டி. உள்ளே விளக்கு, மேலிருந்து கீழே பார்க்கும் கேமரா. ஒரு பக்கத்தில் மூடியை வைத்தால் சின்ன பெல்ட் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுபக்கம் வரும்போது பச்சை விளக்கு எரிந்தால் நல்லது, சிவப்பு எரிந்தால் கழிவுக் கூடைக்குத் தள்ளிவிடும்.

எங்கள் வேலையில் ஒரு சங்கடம் உண்டு. கேமராவை எங்கே கொண்டுபோனாலும் அங்கே அதுவரை அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த ஒருவர் இருப்பார். நான் திருகாணி முடுக்கிக்கொண்டிருக்கும்போது அவர் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பார். அந்தப் பார்வைக்கு முதுகைக் காட்டிக்கொண்டே வேலை செய்து பழகிவிட்டேன். இந்தப் பட்டறையில் அப்படி நின்றவர் ஒரு அக்கா. நாகரசம்பட்டிப் பக்கத்துக்காரர். கணவர் இல்லை. மகளை பாலிடெக்னிக்கில் படிக்க வைத்துக்கொண்டு, ஓசூரிலேயே ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார். பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து, செய்த சாமானை எல்லாம் ஒரு மேஜையில் உட்கார்ந்து புரட்டிப் புரட்டிப் பார்த்து நல்லது கெட்டது பிரித்தவர் அவர்தான். கேமரா வந்ததும் அந்த மேஜையை எடுத்துவிட்டு அவரைக் கேமராவுக்கு மூடி எடுத்து வைக்கிற வேலையில் போட்டார்கள். கூட வேலை செய்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? கேமராவை அவருடைய சக்களத்தி என்று கிண்டல் செய்வார்கள். "என்னக்கா, சக்களத்தி இன்னைக்கு எப்படி இருக்கா?" என்பார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

நான் கற்றுக்கொடுத்தபோது எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். லென்ஸை விரலால் தொடக்கூடாது, மேலே பொட்டு கிட்டு வைத்துவிடாதீர்கள் என்று சொன்னதற்கும் சரி என்றார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏம்மா, நாள் பூரா பார்த்துக்கினே இருந்தா இதுக்குக் கண்ணு வலிக்காதா?" நான் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பட்டறை வாசலில் கட்டிய வாழைக்கன்று வாடிச் சாய்ந்திருந்தது. உடைத்த பூசணிக்காய் குங்குமத்தோடு தரையில் காய்ந்து கிடந்தது. உள்ளே மெஷின்களில் மாலைகள் அப்படியே தொங்கின. ஆனால் பூஜை முடிந்த இடத்தின் கலகலப்பு இல்லை. முதலாளி கேமராப் பெட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் சூப்பர்வைசர். கொஞ்சம் தள்ளி, அட்டைப்பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். கையில் வேலை எதுவும் இல்லை. அழுது முகம் வீங்கியிருந்தது.

சூப்பர்வைசர் என்னைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னார்.

"பூஜைக்கு முந்தின நாளு எல்லாரும் மெஷின் கழுவினாங்கோ மேடம். பொட்டி சாவி என்கிட்டதான் இருக்குது. தொடைக்கணும்னு சொல்லி இந்தம்மா வாங்கிக்கினு போச்சு. வேற யாரும் தொடல. சக்களத்தின்னு சிரிச்சுக்கினே இருந்தோம், உள்ளுக்குள்ள இவ்ளோ இருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

சாவியைக் கொடுத்தவர் என்பதால் பழி தன் மேல் விழுந்துவிடுமோ என்ற பயம் அவர் பேச்சில் தெரிந்தது. முதலாளி சுற்றி வளைக்கவில்லை.

"உள்ள என்ன பண்ணேன்னு கேட்டா, எதையும் உடைக்கல சார்னு ஒரே பதில்தான். நீங்க பாருங்க மேடம். ஏதாச்சும் பண்ணியிருக்காங்கன்னு தெரிஞ்சா இன்னைக்கோட கணக்கை முடிச்சு அனுப்பிடறேன். இத்தனை வருஷம் இருந்தவங்கன்னுதான் இன்னும் உக்கார வெச்சிருக்கேன்."

அக்காவின் காதில் விழும்படிதான் சொன்னார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். இந்த வேலை போனால் வாடகைக்கும் மகள் படிப்புக்கும் என்ன செய்வார் என்பது ஒரு பக்கம். அதைவிட, வேண்டுமென்றே கெடுத்தவர் என்ற பேரோடு வெளியே போனால் அந்தத் தெருவில் வேறு எந்தப் பட்டறையும் அவரைச் சேர்க்காது. தொழிற்பேட்டை என்பது ஒரு ஊர் மாதிரிதான், டீக்கடையிலேயே எல்லாம் பரவிவிடும். இப்போது நான் என்ன சொல்லப் போகிறேனோ அதை வைத்துத்தான் அவர் பிழைப்பு என்று ஆகிவிட்டது. எனக்கு அது பிடிக்கவே இல்லை. மெஷினைப் பார்க்கக் கூப்பிட்டுவிட்டு மனுஷரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல் என்றால் எப்படி?

சிவப்புக் கூடையிலிருந்து நாலைந்து மூடிகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாமே பழுதில்லாத மூடிகள். பெல்ட்டில் வைத்தால் சிவப்பு, சிவப்பு, சிவப்பு. திரையில் அந்த மூடியின் படம் வந்தது. பளபளப்பான பக்கத்தில் நீள நீளமாகக் கீறல்கள் இருப்பதாகக் கேமரா வட்டம் போட்டுக் காட்டியது. கையில் இருக்கும் மூடியிலோ ஒரு கீறலும் இல்லை. லென்ஸில் அழுக்கோ என்று பெல்ட் போகிற வாய் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்த இடுக்கில் லென்ஸ் மட்டும்தான் தெரிந்தது, அது சுத்தமாக இருந்தது. சந்தனம் இல்லை, கரி இல்லை. வயர்கள் சரியாக இருந்தன. கம்ப்யூட்டரில் யாரும் எதையும் மாற்றவில்லை. முதலாளி அடிக்கொருதரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரக்கு ஏற்றுவதற்கான வண்டி வந்து நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் தானாகவே ஓட ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் கேமரா விளக்கு அணைந்து எரிந்ததால் எல்லாம் முதலிலிருந்து துவங்கிச் சூடேற வேண்டும். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு அது நல்லதாகப் போயிற்று. சும்மா இருக்கும் நேரத்தில், காலையிலிருந்து கேமரா பிடித்து வைத்திருந்த படங்களை லேப்டாப்பில் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்த்தேன். மூடிகள் மாறின, கீறல்கள் மாறவில்லை. எல்லா மூடியிலும் அதே இடத்தில், அதே சாய்வில், அதே கோடுகள்.

விளக்கு சூடானதும் ஒரு மூடியை வைத்துப் படம் எடுத்தேன். அதையே அரைச் சுற்று திருப்பி வைத்து இன்னொரு படம் எடுத்தேன். மூடி திரும்பியது, கோடு திரும்பவில்லை. அப்படியானால் கோடு மூடியில் இல்லை. பெட்டிக்குள்ளே எங்கேயோ இருக்கிறது. சாவியை வாங்கி, பெட்டியின் கதவைத் திறந்தேன்.

பெயின்ட் வாசனை குப்பென்று அடித்தது. உள்ளே பளீரென்று வெள்ளை. நாலு சுவரும் கூரையும், கேமராவைப் பிடித்திருக்கும் கம்பிகூட வெள்ளை. பூஜைக்கு ஜன்னல் கம்பிகளுக்கு அடித்த பெயின்டில் மிஞ்சியதாம் அது. லென்ஸையும் விளக்கையும் மட்டும் ஒரு சொட்டுகூடப் படாமல் சுற்றி விட்டு, அவ்வளவு பதவிசாக அடித்திருந்தார். பின் சுவரின் கீழ் மூலையில், எதற்கும் இடைஞ்சல் இல்லாத இடமாகப் பார்த்து, சின்னதாக மஞ்சள் வைத்துக் குங்குமம் இட்டிருந்தது. மேலே பொட்டு வைத்துவிடாதீர்கள் என்று நான் சொன்னதை அந்த அக்கா ஒருவர்தான் இந்த ஓசூரிலேயே கேட்டிருக்கிறார்.

விஷயம் இதுதான். அந்த மூடியின் முகம் கண்ணாடி மாதிரி. சுற்றி இருப்பது எல்லாம் அதில் தெரியும். அதனால்தான் பெட்டியின் உட்புறத்தை மங்கலான கறுப்பாக வைப்போம். கறுப்பில் மூடியும் கறுப்பாகத் தெரியும், கீறல் இருந்தால் அது மட்டும் வெளிச்சத்தில் மின்னும். இப்போது சுற்றிலும் பளபளக்கும் வெள்ளை. அக்கா பிரஷ்ஷால் இழுத்த கோடுகள் எல்லாம் ஒவ்வொரு மூடியிலும் தெரிந்திருக்கின்றன. கேமரா அவற்றைக் கீறல் என்று நினைத்துத் தள்ளியிருக்கிறது. பாவம், கண் கூசிக்கொண்டே வேலை செய்திருக்கிறது.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்து எரிச்சல் வந்தது. நாங்கள் தேடிப் பிடித்து வாங்கி அடித்த கறுப்பு அது. முதலாளி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டார்.

"பார்த்தீங்களா மேடம். நான் சொன்னேன்ல. வேணும்னே பண்ணியிருக்காங்க."

"கெடுக்கணும்னு நினைக்கிறவங்க வயரைப் பிடுங்கிட்டுப் போயிருப்பாங்க சார். உக்காந்து இவ்வளவு நேர்த்தியா வெள்ளை அடிச்சு, மஞ்சள் குங்குமமா வெப்பாங்க?" என்றேன்.

அவர் அந்த மூலையைப் பார்த்தார். பார்த்தும் இறங்கி வரவில்லை. "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். வண்டி நிக்குது. இப்ப ஓடுமா, ஓடாதா?" என்றார்.

மறுபடி கறுப்பு அடித்துக் காய வைக்க நேரம் இல்லை. பளபளப்பு இல்லாத கறுப்பு ஏதாவது ஒட்டினால் போதும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விற்கும் கறுப்பு சார்ட் பேப்பர் எனக்கு ஞாபகம் வந்தது. சூப்பர்வைசர் பைக்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் பறந்தார். வாங்கி வந்ததும், அதைப் பெட்டிக்குள் அளவாக வெட்டி ஒட்ட ஒரு நிதானமான கை வேண்டும். நான் அக்காவைக் கூப்பிட்டேன். முதலாளி வாயைத் திறந்தார். "அவங்கதான் உள்ள இண்டு இடுக்கெல்லாம் கை விட்டவங்க சார்" என்றேன். முதலாளி பசை டப்பாவைத் தானே கையில் எடுத்துக்கொண்டு எங்களுக்குப் பின்னால் நின்றார்.

அக்கா வந்து பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். கறுப்புக் காகிதத்தைப் பார்த்ததும் தயங்கினார்.

"இருட்டாக்கிட்டா அதுக்குத் தெரியுமாம்மா?"

ஒரு எவர்சில்வர் தட்டை வெயிலில் பிடித்தால் எப்படி இருக்கும், வீட்டுக்குள் பிடித்தால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். வெயிலில் கண்ணே கூசும் என்றார். அதேதான் இதுவும் என்றேன். கையில் இருந்த காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"வெள்ளை அடிச்சதுதான் காரணம்னு எனக்குத் தெரியலியே. தொடைக்கலாம்னு திறந்தா உள்ள ஒரே இருட்டு. லைட்டு போட்டும் செவுரெல்லாம் கறுப்பா இருந்துச்சு. கம்பெனில பெயின்ட் அடிக்க மறந்துட்டாங்கன்னு நெனச்சிட்டேன்."

"யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அக்கா" என்றேன். என் குரலில் கொஞ்சம் கடுப்பும் இருந்திருக்கும். இரண்டு பேரும் தலையைப் பெட்டிக்குள் விட்டிருந்தோம். அவர் மூலையில் காகிதத்தை விரலால் நீவி ஒட்டிக்கொண்டே, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்.

"நான் வேலைக்கு வந்த புதுசுல என் மேஜை அந்தக் கடைசி மூலைல இருந்துச்சும்மா. மேல ஒரே டியூப்லைட்டு, அதுவும் விட்டு விட்டு எரியும். எவ்ளோ உத்து உத்துப் பார்த்தாலும் கெட்ட பீஸு ஒண்ணு ரெண்டு போயிடும். கண்ணை எங்க வெச்சிக்கினு பார்க்கிறேன்னு திட்டு வாங்குவேன். லைட்டு பத்தலீங்கன்னு சொல்றதுக்கு பயம். கண்ணு தெரியாதவன்னு வேலையை விட்டு நிறுத்திட்டாங்கன்னா? ராவுல தலைவலியோட போயி படுப்பேன். எனக்காச்சும் வாய் இருந்துச்சு, பயத்துல சொல்லாம இருந்துட்டேன். இதுக்கு வாயே இல்லியே. இருட்டுல உக்கார வெச்சு நாள் பூரா பாரு பாருன்னா அது பாவம் என்ன பண்ணும்?"

என் கையிலிருந்த கத்தரிக்கோல் அப்படியே நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை, ஆனாலும் பார்த்தேன். முதலாளி பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அந்தத் திட்டுகளைத் திட்டியவர் யார் என்று அக்கா சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. பட்டறையில் திட்டுகிற இடத்தில் இருந்தவர் ஒருவர்தான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா லைட்டு போட்டுக் கொடுத்திருப்பேனேம்மா" என்றார் அவர்.

"அது எப்பவோ நடந்தது, இப்ப எதுக்கு சார்? அந்தப் பசையை இப்படிக் குடுங்க" என்றார் அக்கா.

அவர் கொடுத்தார். கொடுத்துவிட்டு, ஒட்டி முடிக்கிற வரை அந்த இடத்தைவிட்டு நகராமல், கேட்கும்போதெல்லாம் பசையும் காகிதமும் எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அன்றைக்குக் கடைசி வரை அவரிடமிருந்து தெலுங்கும் வரவில்லை, கன்னடமும் வரவில்லை.

ஒட்டி முடித்துக் கதவைச் சாத்தினோம். முதல் மூடியை வைக்க அக்காவுக்குக் கை வரவில்லை. என்னையே வைக்கச் சொன்னார். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் மூடியைப் புடவைத் தலைப்பால் ஒருமுறை துடைத்து, பெல்ட்டில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பச்சை எரிந்தது. சூப்பர்வைசர்தான் முதலில் கை தட்டினார். காலையில் என்னிடம் சொன்னதெல்லாம் அவருக்கும் உறுத்தியிருக்க வேண்டும். அக்காவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்தான். சந்தேகம் தீர, வேண்டுமென்றே கீறிய ஒரு மூடியை நான் உள்ளே அனுப்பினேன். அது சரியாகச் சிவப்பு காட்டித் தள்ளியது. அதற்குப் பிறகு யாரும் உட்காரவில்லை. மூடிகளை எடுத்துத் தர இரண்டு பேர், வைக்க அக்கா, வெளியே வருவதை அடுக்க முதலாளியே. மதியச் சாப்பாட்டை யாரும் நினைக்கவில்லை. நான் அடுத்த இரண்டு இடங்களுக்குப் போக வேண்டியவள். போன் போட்டு, வர லேட்டாகும் என்று சொல்லிவிட்டு நானும் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பெட்டி ஏறி வண்டி கிளம்பியபோது நேரம் ரொம்பவே நெருங்கிவிட்டது. டிரைவர் தெருமுனையில் திரும்புகிற வரை எல்லாரும் வாசலில் நின்று பார்த்தோம். போன் வரும் வரை யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. வண்டி சரியான நேரத்துக்குள் வாசலுக்குள் போய்விட்டது என்று டிரைவர் சொன்னதும் முதலாளி ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். காலையில் அக்கா உட்கார்ந்திருந்த அதே ஸ்டூல்தான். அவர் அதைக் கவனித்திருக்க மாட்டார்.

அக்கா பையை எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றார். "நான் போயிட்டு வரட்டுமா சார், இல்ல..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் நிறுத்திவிட்டார். காலையில் கணக்கை முடித்து அனுப்புகிறேன் என்று சொன்னது சொன்னபடிதான் இருந்தது. அதை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

முதலாளி எழுந்து நின்றார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் இல்லாத மனிதர் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"நாளைக்கு வழக்கமா வர்ற நேரத்துக்கு வந்துடும்மா" என்றார். அப்புறம், "நீ இல்லாம அதை வேற யாரு பார்த்துக்குவா" என்று சேர்த்துக்கொண்டார்.

அக்கா தலையை ஆட்டினார். வாசல் வரை வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இவ்ளோ நாளா தள்ளியே நின்னுக்கினு இருந்தேன். நீ என் தங்கச்சி மாதிரிம்மா" என்றார். நான் அவருக்கு அப்படி ஒன்றும் செய்துவிடவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னேன், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கை என் கையைப் பிடித்திருந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் போய், ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு நின்றேன். அடுத்த இடத்திலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

அந்த ஆர்டர் அவர்களுக்குக் கிடைத்துவிட்டது. அக்கா அங்கேதான் இருக்கிறார், நான் போகும்போதெல்லாம் டீ வாங்கித் தராமல் விடுவதில்லை. என் வேலைதான் கொஞ்சம் மாறிவிட்டது. புதிதாக ஒரு இடத்தில் கேமரா மாட்டப் போனால், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால், அதுவரை அந்த வேலையைச் செய்தவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். இங்கே உங்களுக்கு எது கஷ்டமாக இருந்தது என்று கேட்கிறேன். முதலில் ஒன்றும் இல்லை என்பார்கள். நான் எழுந்திருக்காமல் இருந்தால் மெதுவாகச் சொல்ல ஆரம்பிப்பார்கள். கழுத்து வலி, வெக்கை, ஒரே பக்கமாகக் குனிந்து பார்த்ததில் பிடித்துக்கொண்ட இடுப்பு. கேட்பதால் அவர்கள் வேலையை என்னால் திருப்பிக் கொடுத்துவிட முடியாது. அது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்ய இப்போது என்னால் முடிவதில்லை.

தனக்குக் கிடைக்காத வெளிச்சத்தை, தன் இடத்தைப் பிடித்துக்கொள்ள வந்த ஒன்றுக்காவது கிடைக்கட்டும் என்று நினைத்த அந்த மனசு எனக்கு வருமா என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.